நாடக மேடையிற் பாவைகள்

மரத்தாற் செய்த பாவையொன்று கயிற்றினால் இயங்கி, உயிருடையது போலக் கண்டாரை மயக்குவதைத் திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றார். உள்ளத்தில் நாணம் இல்லாதவருடைய நடமாட்டத்துக்கு அவர் காட்டும் ஒப்புமை அது. இதனால் இரண்டு செய்திகள் புலனாகின்றன. பாவையாட்டம் அக்காலத் தமிழ்மக்கள் நன்கறிந்த காட்சி என்பது ஒன்று; அப்பாவை உயிருள்ளதாகத் தோன்றும் வல்லமையையும் அவர்கள் அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. வள்ளுவர் அம்மயக்கத்தை இகழ்ச்சிப் பொருளிற் கூறினார். நாடகக் கலைஞர்க்கோ அம்மயக்கமே செல்வம். உயிரற்ற மரமும் துணியும் மேடைமீது உயிருள்ளனவாகத் தோன்றுவது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவையாட்டம் சிறுவர் விளையாட்டே என்று எண்ணுவோர் நம்மிற் பலர். கல்லூரி நாடக மன்றத்தார் ஒரு நாடகத்தை மேடையேற்றுங்கால், கதையிற் குதிரை வருமாயின் அக்காட்சியையே நீக்கிவிடுகின்றனர். கைக்குழந்தை வருமாயின் ஒரு துணிச்சுருளைத் தாயின் கையிற் கொடுத்துவிட்டு, அவையோர் அதனை உற்று நோக்காதிருப்பார்களாக என்று தமக்குள்ளே வேண்டிக்கொள்கின்றனர். பொருள் இல்லை, காலம் இல்லை என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். உண்மைக் காரணம், உயிரற்ற பொருளுக்கு மேடையில் உயிரூட்டும் முறை இன்னதென்று நாம் கற்றுக்கொள்ளாமையே. அம்முறையைப் பயின்று தேர்ந்தோர் உலகில் உளர். அவருள் ஜப்பான் தேசத்து ஒசாகா நகரக் கலைஞரையும், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரக் குழுவொன்றையும் முதன்மையாகக் கொண்டு அதனை விளக்க முயல்வோம்.

முதற்கண் நம் நாட்டுப் பொம்மலாட்டத்தை நினைவு கூர்தல் தகும். தஞ்சைப் பகுதியில் வழங்கும் பொம்மலாட்டம் கயிறும் கம்பியும் ஒருங்கே கொண்டது. பாவையைத் தாங்கும் கயிறுகள் ஆட்டுவோன் தன் தலையில் அணிந்த வளையத்தோடு பிணிக்கப்பட்டிருக்கும். பாவையின் கைகளை அவன் இரும்புக் கம்பிகளால் மேலிருந்து இயக்குவான். ஆதலின் பாவையின் சுமை அவன் தலைமீதே தங்குகின்றது. அவன் தலை சாய்ந்தாற் பாவை சாயும். அவன் நடந்தாற் பாவை நடக்கும். அவன் உடலும் பாவையின் உடலும் ஓருடலாகிவிடுதலே இக்கலையின் நுட்பம். அவையோரோ அவனைக் காண்பதில்லை. இடையே திரை ஒன்று நிற்கின்றது.

இம்மறைவே பாவை உயிர்பெற்றுத் தோன்றுதற்குக் காரணமென்று ஒருவர் கருதுதல் கூடும். ஆட்டுவோன் வெளிப்பட்டால் மயக்கம் நீங்கிவிடும் என்பது அவர் கருத்தாம். ஒசாகா நகரத்துப் பாவைக்கூத்து இக்கருத்தை அடியோடு மறுக்கின்றது.

இன்று புன்ராக்கு என வழங்கும் அக்கூத்து 17ஆம் நூற்றாண்டில் வளரத் தொடங்கியது. 1684ஆம் ஆண்டில் தக்கெமொத்தோ கிதாயு என்னும் பாடகர் ஒசாகாவிலே தக்கெமொத்தோ அரங்கை நிறுவினார். சிக்காமத்ஸு மொன்ஸயெமோன் என்னும் பெரும்புலவர் அவ்வரங்குக்கு நாடகங்கள் எழுதினார். தொடக்கத்தில் ஒரு பாவைக்கு ஓர் ஆட்டுவோனே இருந்தான். 1734ஆம் ஆண்டில் ஒரு பாவையை மூவர் ஆட்டும் முறை அங்கே தோன்றிற்று. அதுவே இன்றளவும் நிலைத்துள்ளது. மனிதருருவிற் பாதியேனும் அதனினும் சற்று மிகுதியேனும் உயரமுள்ள பாவை ஒன்றைச் சூழ்ந்து மூவர் அவையோர் காணவே நிற்பர். தலைமை ஆட்டுவோன் தன் இடக்கையைப் பாவையின் முதுகுப்புறத்தே செலுத்தித் தலையைத் தாங்குவான். வலக்கையாற் பாவையின் வலக்கையை இயக்குவான். இரண்டாமவன் பாவையின் இடக்கையை ஆட்டுவான். மூன்றாமவன் குனிந்து நின்று கால்களை ஆட்டுவான். அவன் குனிந்து இயங்குதற்கு இடமுண்டாகும்படி, தலைமை ஆட்டுவோன் உயர்ந்த மரக்காலணிகளை அணிந்து நிற்பான். கருந்துணியால் உடலும் முகமும் மூடியிருப்பதே ஆட்டுவோர் வழக்கம். தலைமை ஆட்டுவோன் மட்டும் முகத்தைத் திறந்தவாறே தோன்றுதலும் உண்டு. பாவைகள் பேசுவதில்லை. மேடையின் ஒருபுறத்தே அமர்ந்த பாடகர் ஒருவரே எல்லாப் பாத்திரங்களின் சொற்களையும் உரைப்பார். அவரருகே ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு யாழை மற்றொருவர் மீட்டுவார்.

இக்காட்சியைக் கேட்பவர்க்கு இது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஒரு சிறு பாவையின் பின்னே மூன்று பெரிய மனிதர் நெருங்கி நிற்பரேல், கண்ணில் முற்படுவது பாவையோ மனிதரோ? ஆயினும், காட்சி தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் அவையோர் அம்மூவரையும் மறந்துவிடுகின்றனர். பாவை அழுங்கால் தாமும் கண்கலங்குகின்றனர். மறைப்பது திரையன்று என்பது இதனாற் பெறப்படுகின்றது. பின்னை எது மறைக்கின்றது?

விடை எளிது, அதனைச் செய்தலே அரிது. மனிதக் கண் பிறர் நோக்கும் இடத்தை நோக்கும் இயல்புடையது. தெருவில் ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்ப்பானாயின், அவ்வழிச் செல்வோர் பலரும் அண்ணாந்து பார்ப்பர். அதுபோல, மூன்று ஆட்டுவோரும் தம் கருத்து முழுவதையும் பாவைமீது குவித்து, வேறெங்கும் நோக்காது நிற்பரேல், அவையோரின் நோக்கமும் அவர்களைக் கடந்து பாவையிற் சென்று தங்கும். அவருள் ஒருவன் ஒருகணம் தலையெடுத்து அவையைப் பார்த்தாலும், அக்கணமே அவன் மனிதனாகத் தோன்றுவான்; பாவை மரமாகிவிடும். ஆகவே ஆட்டுவோனை மறைப்பது அவன் அணிந்த கருந்துணியன்று. அவனது ஒருமுகப்பட்ட கவனமே.

இனி, பாவைக்கு உயிரூட்டும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம். அவை மூன்று: மூச்சு, நோக்கு, எடை.

முதலாவது மூச்சு. தமிழில் உயிர்த்தல் என்னும் சொல் மூச்சுவிடுதலையும் உயிரோடிருத்தலையும் ஒருங்கே குறிப்பது. இரண்டும் ஒன்றே என்பதைப் பாவையாட்டுவோர் தம் தொழிலால் அறிவர். பாவை யாதொன்றும் செய்யாது நிற்கும்போதும் அதன் மார்பு மெல்ல எழுந்து மெல்லத் தாழ வேண்டும். நடக்குமுன் ஒரு மூச்சு, பேசுமுன் ஒரு மூச்சு, அச்சமுற்றால் விரைந்த மூச்சு, துயருற்றால் நெடுமூச்சு. மூவர் ஆட்டும் பாவையாயின், மூவரும் ஒரே மூச்சை விடுதல் வேண்டும். அங்ஙனம் விடுவாராயின், அடுத்த அசைவு எப்போது தொடங்கும் என்பதைச் சொல்லாமலே மூவரும் உணர்ந்துகொள்வர். புன்ராக்குக் கலையிலே தலைமை ஆட்டுவோன் வாய்திறந்து கட்டளையிடுவதில்லை. பாவையின் தலையும் தோளும் அசையும் குறிப்பைக் கண்டு இடக்கை ஆட்டுவோன் தன் செயலை அறிவான். தலைமை ஆட்டுவோனின் இடுப்பிலே தன் கை படும்படி நின்று, அதன் அசைவைக் கொண்டு கால் ஆட்டுவோன் தன் செயலை அறிவான்.

இரண்டாவது நோக்கு. பாவைகளிற் பெரும்பாலானவற்றின் கண்கள் அசையாதவை. எனவே தலை திரும்பும் திசையே அதன் பார்வையாகும். ஒரு பொருளை எடுக்குமுன் பாவை அதனைப் பார்த்தல் வேண்டும். பார்த்த பின்னரே கை நீளுதல் வேண்டும். பார்வை முன்னும் செயல் பின்னுமாக வருமாயின், பாவை சிந்திக்கின்றது என்று அவையோர் கருதுவர். செயல் முன்னும் பார்வை பின்னுமாயின், யாரோ அதனை இழுத்தனர் என்றே கருதுவர்.

மூன்றாவது எடை. பாவை உண்மையிற் கனமற்றதாயினும், கனமுள்ளது போல நடத்தல் வேண்டும். அதன் காலடி நிலத்திற் படாமல் மிதக்குமாயினும், நிலத்தினுள்ளே ஆழ்ந்து செல்லுமாயினும், உயிர்த்தோற்றம் கலைந்துபோம். நாற்காலியில் அமருங்கால் உடல் முன்சாய்ந்து, முழங்கால் மடங்கி, பின்னர் மெல்ல இறங்குதல் வேண்டும். எழுங்கால் முயற்சி தோன்ற எழுதல் வேண்டும். புவியின் ஈர்ப்புக்கு உட்பட்டதையே நாம் உயிருள்ளதென நம்புகின்றோம்.

இம்மூன்றோடு அடக்கத்தையும் சேர்த்துக் கூறலாம். பயிலாதவர் பாவையை ஓயாது குலுக்கிக்கொண்டே இருப்பர். அசைவு மிகுந்தால் உயிர் மிகும் என்பது அவர் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. ஒரு நேரத்தில் ஓர் அசைவு. அதன்பின் ஓர் அமைதி. அவ்வமைதியிலேதான் அவையோர் பாவையின் உள்ளத்தைத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர்.

1703ஆம் ஆண்டில் சிக்காமத்ஸு இயற்றிய சொனெஸாக்கி நாடகத்திலே இதற்குச் சிறந்த சான்றொன்று உண்டு. பெண்பாவைகளுக்குக் கால்கள் இல்லாமை புன்ராக்கு மரபு. ஆடையின் விளிம்பைக் கையால் அசைத்தே நடையைக் காட்டுவர். ஆயின் அந்நாடகத்தின் ஒரு காட்சியில் மட்டும் ஓஹத்ஸு என்னும் தலைவிக்கு ஒரு கால் வெளிப்படுகின்றது. அவள் காதலன் திண்ணையின் கீழே ஒளிந்திருக்கின்றான். தன்னுடன் இறத்தற்கு அவன் துணிந்தானோ என்று அவள் பிறரறியாமற் கேட்கின்றாள். அவன் அவள் பாதத்தைப் பற்றித் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துத் தன் துணிவைத் தெரிவிக்கின்றான். நாடகமெங்கும் காணாத அச்சிறு பாதம் அக்கணத்திலே தோன்றுவதால், பல சொற்கள் செய்யாததை அது செய்துவிடுகின்றது.

இதுகாறும் பாவைகளே நடிக்கும் கூத்தைப் பற்றிக் கூறினோம். மனித நடிகரும் பாவையும் ஒரே மேடையிற் கலந்து நடிக்கும்போது வேறொரு கடமையும் சேர்கின்றது. அதற்குத் தக்க எடுத்துக்காட்டு, இலண்டன் தேசிய நாடக அரங்கில் 2007ஆம் ஆண்டில் அரங்கேறிய போர்க்குதிரை என்னும் நாடகமாம். மைக்கேல் மொர்பர்கோ 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையினின்று நிக் ஸ்டாபர்டு அதனை நாடகமாக்கினார். 1914ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் உலகப் போருக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜோயி என்னும் குதிரையும், அதனைத் தேடிச்செல்லும் இளைஞன் ஒருவனுமே அதன் தலைமைப் பாத்திரங்கள். உயிருள்ள குதிரையைப் போர்க்களக் காட்சிகளில் நடிக்கச் செய்தல் இயலாது. ஆதலின் கேப் டவுன் நகரில் 1981ஆம் ஆண்டில் தோன்றிய ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக் குழுவினரிடம் அப்பணி ஒப்புவிக்கப்பட்டது. அக்குழுவின் தலைவர்களான ஏட்ரியன் கோலரும் பேசில் ஜோன்ஸும் பிரம்பை வளைத்துக் கட்டி, மெல்லிய துணி போர்த்தி, முழுவளர்ச்சியுற்ற குதிரையின் அளவிலே பாவை செய்தனர். நடிகன் அதன்மீது ஏறி அமரவும் கூடும்.

அக்குதிரையையும் மூவரே ஆட்டுகின்றனர். ஒருவர் தலையருகே வெளியில் நின்று தலையையும் காதுகளையும் இயக்குவார். மற்றிருவரும் உடற்கூட்டின் உள்ளே நிற்பர். ஒருவர் முன்கால்களையும் மூச்சையும், மற்றவர் பின்கால்களையும் வாலையும் இயக்குவர். முன்னே நிற்பவர் தம் முழங்காலைச் சிறிது மடக்கி நிமிர்த்த, குதிரையின் உடல் எழுந்து தாழ்ந்து மூச்சுவிடுகின்றது. குதிரையின் கனைப்பையும் மூவரும் சேர்ந்தே எழுப்புகின்றனர்; அப்பெரிய உடலுக்கேற்ற ஓசை ஒருவர் மூச்சில் அடங்காது. வெளியில் நிற்பவர் குதிரைக்காரர் போல உடையணிந்திருப்பார். அவர் முகம் மூடப்படுவதில்லை. பிரம்பின் இடையே உள்ளிருப்போர் கால்களும் தெரிகின்றன. எனினும் அவையோர் காண்பது குதிரையையே.

இங்கே நடிகர்க்குரிய கடமை யாது? அவர்கள் ஒருபோதும் ஆட்டுவோனைப் பார்த்துப் பேசலாகாது. பாவையின் கண்ணைப் பார்த்தே பேசுதல் வேண்டும். பாவையின் மூச்சுக்கு இடங்கொடுத்து, அதன் மறுமொழியை எதிர்பார்த்து நிற்றல் வேண்டும். குதிரையைத் தடவுங்கால் அது சூடுள்ள உடலென்று கையால் உணர்ந்தவர் போலத் தடவுதல் வேண்டும். உடன் நடிப்பவன் நம்பாததை அவையோர் நம்பார்.

பாவைக்குள்ள ஒரு தனிச்சிறப்பை இந்நாடகத்தால் அறியலாம். மேடையில் இறப்பவனாக நடிக்கும் நடிகன் உண்மையில் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றான். அதனை அடக்கி மறைக்க அவன் பாடுபடுகின்றான். பாவையோ உயிரோடிருப்பதற்கே ஒவ்வொரு கணமும் பாடுபட வேண்டியுள்ளது என்பது ஹேண்ட்ஸ்பிரிங் குழுவினரின் கருத்து. அந்நாடகத்தில் டாப்தார்ன் என்னும் மற்றொரு குதிரை இளைத்து இறக்கும் காட்சி உண்டு. அதன் மூச்சு நின்றபின், அதனை ஆட்டியோர் உடற்கூட்டை விட்டு வெளிவந்து மெல்ல விலகிச் செல்கின்றனர். எஞ்சிக் கிடப்பது பிரம்பும் துணியுமே. உயிர் நீங்கிய உடல் எத்தன்மையது என்பதை அக்காட்சி எத்தகைய நடிகனும் காட்டவியலாத அளவுக்குக் காட்டிவிடுகின்றது. சற்றுமுன் அது உயிரோடிருந்ததென நம்பினமையாலன்றோ அதன் மறைவு நம்மை வருத்துகின்றது!

நம் நாடக மன்றத்தார் இவற்றைப் பயில விரும்பின், பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் தலையும் உடலும் கைகால்களும் செய்து நூலாற் கட்டுக. மூவர் அதனை ஒரு மேசைமீது நிறுத்தி, ஒருவர் தலையையும் ஒரு கையையும், ஒருவர் மற்றொரு கையையும் இடுப்பையும், ஒருவர் கால்களையும் பற்றுக. முதல் நாள் முழுவதும் மூச்சுவிடுதல் ஒன்றையே பயில்க. இரண்டாம் நாள் ஒரு திசையை நோக்குதல், ஒரு பொருளைக் காணுதல், அதனிடம் நடந்து செல்லுதல் என்பவற்றைச் செய்க. இவ்வளவில் யாரும் பேசாதிருப்பது நன்று. தாள் உருவம் ஒன்று தலைநிமிர்ந்து தம்மைப் பார்ப்பதைக் கண்டு, பயில்வோர் தாமே வியப்புறும் நாள் விரைவில் வரும். அதன் பின்னரே மரத்தாலும் துணியாலும் நாடகத்துக்குரிய பாவையைச் செய்தல் வேண்டும்.

வேறு சில குறிப்புக்களும் பயன்படும். நாடகப் பாவையை அரங்கேற்றத்துக்கு முந்திய வாரத்தில் நடிகரிடம் கொடுத்தல் பெரும்பிழை. ஒத்திகையின் தொடக்கத்திலிருந்தே அது, செம்மையுறாத வடிவிலேனும், உடனிருத்தல் வேண்டும். நடிகர் ஒருவரையொருவர் அறிய நாள் வேண்டுவது போலப் பாவையை அறியவும் நாள் வேண்டும். விளக்கொளி பக்கங்களிலிருந்து பாவைமீது விழுமாறு அமைத்தால் ஆட்டுவோர் அரையிருளில் நிற்பர். அவர்தம் உடை ஒளிவிடாத கருநிறமாகவோ கதைக்கேற்ற எளிய உடையாகவோ இருக்கலாம். கைக்கடிகாரமும் மோதிரமும் கழற்றப்படல் வேண்டும். பாவைக்குரிய சொற்களை ஆட்டுவோருள் ஒருவர் பேசுவாராயின், அவர் பாவையைப் பார்த்தவாறே பேசுக. ஊசி, நூல், பசை, மாற்றுக் கயிறு என்பன மேடைப்புறத்தே எப்போதும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். காட்சி முடிந்ததும் பாவையைத் தரையில் எறியாது அதற்குரிய இடத்தில் வைத்தல் வேண்டும். ஒரு பொருளை மேடையில் மதிப்பவன் மேடைக்கு வெளியிலும் மதிப்பான்.

கால்களை ஆட்டப் பத்தாண்டும் இடக்கையை ஆட்டப் பத்தாண்டும் பயின்ற பின்னரே ஒருவன் தலையைத் தாங்குதற்குத் தகுதி பெறுவான் என்பது புன்ராக்குக் கலைஞரிடையே வழங்கும் கொள்கை. அவ்விருபது ஆண்டுகளும் அவன் முகமூடியின் உள்ளேயே நிற்கின்றான். இத்தகைய நெடும்பயிற்சிக்கு இளைஞர் எளிதில் முன்வாரார் அல்லரோ? ஆதலின் கலைக்குடும்பத்திற் பிறவாதவர்க்கும் ஜப்பானியத் தேசிய அரங்கத்தார் 1972ஆம் ஆண்டிற் பயிற்சி வகுப்புத் தொடங்கினர். 1984ஆம் ஆண்டில் ஒசாகாவில் இக்கலைக்கெனத் தேசிய அரங்கொன்று திறக்கப்பட்டது. யுனெஸ்கோ நிறுவனத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008ஆம் ஆண்டில் இஃது இடம்பெற்றது. நம் நாட்டுப் பொம்மலாட்டக் கலைஞரும் தலைமுறை தலைமுறையாகத் தலையிற் சுமந்து காத்த கலையை நாம் ஒரு மாலைப்பொழுதேனும் சென்று காண்பதும், அவர்களை நம் கல்லூரிக்கு அழைத்துக் கற்பதும் நம் கடமையாம்.

நாடகம் என்பது தன்னைப் பிறர்க்குக் காட்டும் கலை என்று இளைஞர் பலர் கருதுகின்றனர். கைதட்டல் தமக்கே வரவேண்டும் என்னும் ஆசை நம் மேடைகளிற் பல நாடகங்களைக் கெடுத்திருக்கின்றது. பாவையாட்டம் அவ்வாசைக்கு மருந்தாகும். மூவர் கூடித் தம் மூச்சை ஒன்றாக்கி, தம் கண்களை ஒன்றிலே நாட்டி, தம்மை மறந்து நின்றால், அவரிடையே நான்காவதாக ஓர் உயிர் எழுகின்றது. அவருள் ஒருவன் தன்னைக் காட்ட விரும்பிய கணமே அவ்வுயிர் அகன்றுவிடுகின்றது. மேடையில் மாத்திரமன்று, மனிதர் பலர் கூடிச் செய்யும் எந்த நற்பணியிலும் இவ்வுண்மை விளங்கக் காணலாம்.